மிகுதித் தண்ணீர் எங்கே போகும்? சுற்றுச்சூழல் ஆலோசனையைக் குழுவாகக் கற்பது

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்போ சிமெண்ட் ஆலையோ சுரங்கமோ வருவதற்கு முன்னால் அரசு அலுவலகத்துக்கு ஒரு தடிமனான அறிக்கை போய்ச் சேர்கிறது: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. அந்த இடத்தில் மண் எப்படி, நிலத்தடி நீர் எத்தனை அடியில், காற்றில் எவ்வளவு தூசி, சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள், திட்டம் வந்தால் இவற்றில் எது எவ்வளவு மாறும், அந்த மாற்றத்தைக் குறைக்க என்ன செய்யப் போகிறார்கள் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இதை எழுதுவது அரசு அதிகாரிகள் இல்லை. திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமும் தானே எழுதிக்கொள்வதில்லை. இதற்கென்று நடுவில் ஒரு தொழில் இருக்கிறது: சுற்றுச்சூழல் ஆலோசனை.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. பணம் கொடுப்பவர் திட்டத்தின் முதலாளி. அறிக்கையைப் படித்துப் பரிந்துரைப்பது அரசு நியமித்த நிபுணர் குழு. விளைவோடு வாழப் போகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மூன்று தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஆலோசகர் நிற்கிறார். காற்று மாசையும் நீர் வேதியியலையும் பாடப்புத்தகம் நன்றாகவே கற்றுக்கொடுக்கிறது. இந்த இடத்தில் எப்படி நிற்பது என்பதை அதில் தேடிக் கிடைக்காது. அதனால்தான் சில பல்கலைக்கழகங்கள் இதை விரிவுரையோடு நிறுத்தாமல், ஐந்தாறு மாணவர்களைக் குழுவாக்கி, கையில் ஒரு வேலையைக் கொடுத்து, ஒரு பருவம் முழுக்க அலையவிடுகின்றன. அப்படியொரு குழுத் திட்டத்தில் என்ன நடக்கிறது, மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இதற்கெல்லாம் தொடக்கம். இந்தியாவில் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1994-ல் இந்த மதிப்பீட்டுக்கான முதல் அறிவிக்கை வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அதன்மேல் அடுக்கடுக்காகத் திருத்தங்கள் வந்திருக்கின்றன. அது திட்டங்களை 'ஏ', 'பி' என்று பிரிக்கிறது. ஏ பிரிவு டெல்லிக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகும். பி பிரிவை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கும். பெரிய திட்டங்களுக்கு நான்கு படிகள்: எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரையறுப்பது, மக்களிடம் கருத்துக் கேட்பது, நிபுணர் குழுவின் பரிசீலனை.

இந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்தியத் தரக் குழுமத்தின்கீழ் இயங்கும் நேபெட் (NABET) என்ற அமைப்பு அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும். நிறுவனம் அங்கீகாரம் பெற்றால் மட்டும் போதாது, ஆட்களும் பெற வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஒருவர், அவருக்குக் கீழே காற்று, நீர், ஒலி, நிலப்பயன்பாடு, நிலவியல், நீரியல், மண், உயிரினங்கள், சமூகப் பொருளாதாரம், திடக்கழிவு, விபத்து அபாயம் என்று துறைவாரியாக நிபுணர்கள். அவரவர் பகுதிக்கு அவரவர்தான் பொறுப்பு. ஆக, குழுவாகக் கற்பது ஆசிரியர்களின் கற்பித்தல் உத்தி மட்டுமில்லை. தொழிலே அப்படித்தான் நடக்கிறது.

நெதர்லாந்தின் வாகெனிங்கென் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களுக்கு இதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. வெவ்வேறு துறை மாணவர்களை ஒரு குழுவில் கலந்துவிட்டு, வெளியிலிருந்து வரும் உண்மையான வாடிக்கையாளர் ஒருவரின் கேள்வியைக் கையில் கொடுக்கிறார்கள். குழுவில் ஒருவர் மேலாளர், ஒருவர் செயலர், ஒருவர் வரவு செலவு பார்ப்பவர். ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. ஓரமாக உட்கார்ந்து வழிகாட்டுகிறார். நம் ஊர்க் கல்லூரிகளில் வெளி வாடிக்கையாளர் கிடைப்பது சிரமம் என்று சொல்லப்படுவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆயிரம் பேர் தங்கும் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று எழுத்துமூலம் கேட்கச் சொல்லி கல்லூரி முதல்வரையே வாடிக்கையாளராக்கிவிடலாம். முதல்வர் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் முதல் பாடம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வேலையைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் ஏரியின் கரையை ஒட்டி ஐந்து ஏக்கர் நிலம். அதில் 400 வீடுகள், மொத்தக் கட்டடப் பரப்பு 40,000 சதுர மீட்டர். 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பதால் இது அறிவிக்கைக்குள் வருகிறது. உண்மையில் இந்த அளவுத் திட்டத்துக்கு முழு நீள அறிக்கை கேட்க மாட்டார்கள். குறிப்பிட்ட படிவங்களும் திட்ட வரைபடமும் போதும். கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது, கட்டுமானத் திட்டங்களுக்கு 2006 அறிவிக்கை அதில் விலக்கு அளித்திருக்கிறது. வகுப்பில் மட்டும் இரண்டையும் செய்யவைப்பார்கள். சரியான முடிவு.

முதல் சந்திப்பு முடிந்ததும் எல்லோரும் பாட்டிலோடு ஏரிக்குப் போகவே துடிப்பார்கள். போகவிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் காகித வேலை. புல எண்களை எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரங்களைச் சொல்லும் 'அ' பதிவேடு பார்த்து, நில அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கி, அந்த ஐந்து ஏக்கருக்குள் எங்காவது வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று தேட வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் வெறும் புல்வெளியாகத் தெரியும் கோடு, புலப்படத்தில் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயாக இருக்கும். அது தெரியாமல் எடுத்த அத்தனை மாதிரிகளும் வீண். பிறகு ஏரி நிரம்பினால் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், மதகு எங்கே, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கரையில் ஆடு மேய்ப்பவர்களிடமும் மீன் பிடிப்பவர்களிடமும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படும் மாணவர்கள்தான் அதிகம். கருவிகளைப் பிடிக்கப் பழகியவர்களுக்கு மனிதர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தயக்கம்.

காகித வேலையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2011-ல் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியை, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. ஆய்வகம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பாயம் பிடித்துக்கொண்டது வேறொன்றை: கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் திட்டத்தை ஏ பிரிவாகப் பார்த்திருக்க வேண்டும். பல ஆண்டு வேலை, வரைபடத்தில் அளக்க வேண்டிய ஒரு தூரத்தில் வந்து நின்றது. மாநில எல்லையோ சரணாலயமோ பக்கத்தில் இருந்தால் பி பிரிவுத் திட்டமும் ஏ ஆகிவிடக்கூடும் என்பதைப் பொது நிபந்தனை என்பார்கள். முதல் வாரமே குழுவில் ஒருவர் அளந்து, தேதி போட்டு, கோப்பில் வைக்க வேண்டியது அது.

அதிகாலை பாட்டிலும் மதிய பாட்டிலும்

இப்போது ஏரிக்குப் போகலாம். நீர் மாதிரி எடுப்பதில் மாணவர்கள் கற்க வேண்டியது ஏராளம். நான் ஒன்றை மட்டும் நெருக்கமாகக் காட்டுகிறேன்.

ஏரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சிறந்த அளவு, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மீன்கள் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு சொல்கிறது. இதை அளக்கும் பழைய முறைக்கு வின்க்ளர் முறை என்று பெயர். 300 மில்லிலிட்டர் கண்ணாடி பாட்டிலை, உள்ளே ஒரு குமிழிகூட நிற்காதபடி, தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்ப வேண்டும். கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் கரைசலையும், பிறகு அயோடைடு கலந்த காரக் கரைசலையும் பிப்பெட்டின் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விட வேண்டும். மூடியைப் போட்டுத் தலைகீழாகப் புரட்டினால், ஆக்சிஜன் இருக்கும் நீரில் பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாக ஒரு வீழ்படிவு திரளும். ஆக்சிஜனே இல்லாவிட்டால் அது வெள்ளையாக வரும். மீதிக் கணக்கை ஆய்வகத்தில் முடிக்கலாம், ஆனால் இந்தப் படி கரையில்தான். ஊருக்குத் திரும்பிச் செய்கிறேன் என்று சும்மா பாட்டிலை எடுத்துப் போனால், வழியிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று முடித்திருக்கும்.

இதெல்லாம் நூலில் இருப்பது. நூலில் அழுத்திச் சொல்லாதது, எப்போது எடுக்கிறோம் என்பது. கல்லூரி பஸ் காலை ஒன்பதுக்குக் கிளம்பும். ஏரிக்கு வந்து, சாப்பிட்டு, கருவிகளைப் பிரித்து, மாதிரி எடுக்கும்போது மணி இரண்டு. புறநகர் ஏரிகளில் வீட்டுக் கழிவுநீர் கலந்து பாசி மண்டியிருக்கும். வெயிலில் அந்தப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீரை ஆக்சிஜனால் நிரப்பிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் சாதாரணமாகத் தாங்கக்கூடிய அளவு 7.5 மில்லிகிராம் சுமாருக்கு. பாசி மண்டிய ஏரியில் பிற்பகலில் அதைத் தாண்டியும் வரும். பாட்டிலில் கரும்பழுப்பு. குழு மகிழ்ச்சியோடு 'ஏரி ஆரோக்கியமாக உள்ளது' என்று எழுதிவிடும். அதே இடத்தில் விடிவதற்கு முன்னால் ஒரு பாட்டில் எடுத்துப் பாருங்கள். இரவு முழுக்க அதே பாசியும் அடியில் கிடக்கும் சேறும் ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கும். வீழ்படிவு வெளிறிப்போய் வரும். மீன்கள் செத்து மிதப்பதும் பெரும்பாலும் விடியற்காலையில்தான். கரையில் வலை உலர்த்துபவருக்கு இது தெரியும். வாடகைக்கு ஒரு வேன் பிடித்து நாலரை மணிக்கு அங்கே போய் நிற்கும் குழு, சூழலியலோடு இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறது: எண் சரியாக இருந்தும் முடிவு தவறாக இருக்க முடியும்.

காற்றிலும் இதே கதைதான். காற்றில் மிதக்கும் துகள்களில் பி.எம்.10 என்று சொல்லப்படும், பத்து மைக்ரான் வரையிலான துகள்களுக்கு 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். குழு ஒரு நாள் கருவியை ஓட்டுகிறது. நிமிடத்துக்கு 1.1 கனமீட்டர் காற்று, ஒரு நாளில் 1,584 கனமீட்டர். வடிகட்டித் தாளின் எடை 0.15 கிராம் கூடியிருக்கிறது. வகுத்தால் 95 மைக்ரோகிராம். 'வரம்புக்குள் உள்ளது' என்று அறிக்கை சொல்லும். சொல்வது பொய்யில்லை. ஆனால் இன்னும் பள்ளம் தோண்டவே ஆரம்பிக்கவில்லை. லாரிகளும் ஜல்லியும் வருவதற்கு முன்னாலேயே 95 என்றால், திட்டத்துக்கு மிச்சமிருக்கும் இடம் ஐந்தே ஐந்து. 'வரம்புக்குள்' என்ற சொல் அந்தச் செய்தியைப் போர்த்தி மூடிவிடுகிறது. இன்னொன்று: தொழில்முறை அறிக்கைக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், மூன்று மாதம், ஒவ்வொரு இடத்திலும் வாரத்துக்கு இருமுறை அளக்க வேண்டும். மாணவர் குழுவுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. கிடைத்தது எத்தனை நாள் என்று முகப்பிலேயே எழுதிவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. மறைத்தால்தான் வம்பு.

நீர்க்கணக்கு

மாணவர் குழுக்களின் முன்னால் நிபுணர் குழு உறுப்பினர் வேடத்தில் உட்காரும்போது நான் முதலில் புரட்டுவது நீர்க்கணக்கு அட்டவணை இருக்கும் பக்கத்தைத்தான். கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. 400 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், 2,000 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. அதில் 45 லிட்டர் கழிப்பறையில் ஊற்ற. அதற்குச் சுத்திகரித்த கழிவுநீரே போதும். மீதி 90 லிட்டருக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஆக நல்ல தண்ணீர் தினமும் 1,80,000 லிட்டர், கழிப்பறைக்கு 90,000 லிட்டர்.

கழிவுநீர் எவ்வளவு? நல்ல தண்ணீரில் 80 சதவீதம், கழிப்பறை நீர் முழுவதும்: 1,44,000 கூட்டல் 90,000, மொத்தம் 2,34,000 லிட்டர். சுத்திகரிப்பில் சேறாகவும் மற்றபடியும் 5 சதவீதம் போனால் கையில் ஏறத்தாழ 2,22,000. கழிப்பறைக்கு 90,000 திரும்பிப் போகிறது. 4,000 சதுர மீட்டர் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் 16,000. மிச்சம் 1,16,000 லிட்டர். ஒவ்வொரு நாளும். மழைக்காலத்தில் தோட்டத்துக்கும் வேண்டாம், அப்போது 1,32,000.

இந்த மிகுதித் தண்ணீர் எங்கே போகும்?

கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களும் 'சாலையோர மரங்களுக்குப் பயன்படுத்தப்படும்' என்று எழுதியிருக்கும். தொழில்முறை அறிக்கைகளிலும் இந்த வரி ரொம்பப் பிரபலம். எந்தச் சாலை, எத்தனை மரம், கொண்டுபோகும் லாரி யாருடையது, உள்ளாட்சி அமைப்பு ஒப்புக்கொண்ட கடிதம் எங்கே என்று கேட்டால் அறையில் பேச்சு நின்றுவிடும். அந்தப் பகுதியில் பாதாளச் சாக்கடை இல்லை என்று அறிக்கையின் வேறொரு பக்கம் சொல்கிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அந்த நீர் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: மழைநீர் வடிகால் வழியாக, மாணவர்கள் விடியற்காலையில் பாட்டிலோடு நின்ற அதே ஏரி.

அடுத்த கேள்வி, அந்த 1,80,000 லிட்டர் நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது. குழாய் இணைப்பு வரும்வரை டேங்கர் லாரி என்கிறது நீர் அத்தியாயம். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் 15 நடை. வருவதும் போவதுமாக 30. இப்போது போக்குவரத்து அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். குடியிருப்பவர்களின் கார்களையும் பள்ளி வேன்களையும் எண்ணியிருப்பார்கள். டேங்கர் ஒன்றுகூட இருக்காது. ஒலி அத்தியாயத்திலும் இல்லை. காலை ஆறு மணி வரைக்கும் சட்டப்படி இரவு, குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. தண்ணீர் லாரிகள் வருவது பெரும்பாலும் அந்த ஆறு மணிக்கு முன்னால். நீர் எழுதிய மாணவிக்கு லாரி தெரியும். ஒலி எழுதிய மாணவனுக்கு டெசிபல் தெரியும். இருவரும் ஒரே விடுதியில் தங்குகிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் அத்தியாயங்கள் பேசிக்கொள்ளவில்லை.

குழுத் திட்டத்தின் முழு மதிப்பும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. தனித்தனி அத்தியாயத்தைத் தனித்தனி ஆளே நன்றாக எழுதிவிடலாம். ஒரு திட்டம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பது. அதைப் பதினோரு துறையாக வெட்டியது நாம். வெட்டிய இடங்களில் எதெல்லாம் நழுவி விழுகிறதோ அதுவே பின்னால் ஊருக்குத் தலைவலியாக வருகிறது. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்கும் மாணவரின் வேலை, எல்லோரும் எழுதியதை ஒட்டி எழுத்துருவைச் சீராக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். மக்கள்தொகை 2,000 என்ற எண் எத்தனை அத்தியாயங்களில் வருகிறது, எல்லா இடத்திலும் 2,000தானா, கழிவு அத்தியாயத்தில் மட்டும் ஏன் 1,600 என்று துரத்துவதே அந்த வேலை. இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு: எல்லா அடிப்படை எண்களும் ஒரே தாளில், ஒருவர் பொறுப்பில். யாருக்கு எண் வேண்டுமானாலும் அந்தத் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பாதிப்புகளை மதிப்பிட ஓர் அணி அட்டவணை போடச் சொல்வார்கள். 1971-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்காக லூனா லியோபோல்டும் சகாக்களும் உருவாக்கியது இதற்கு முன்னோடி. ஒரு பக்கம் 100 செயல்கள், மறுபக்கம் 88 சுற்றுச்சூழல் கூறுகள், ஒவ்வொரு கட்டத்திலும் பாதிப்பின் அளவுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை ஓர் எண், முக்கியத்துவத்துக்கு இன்னொன்று. எதையும் மறக்காமலிருக்க நல்ல கருவி. ஆனால் மாணவர்கள் அந்த எண்களைக் கூட்டி 'மொத்தப் பாதிப்பு 43' என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஏரிக்குப் போட்ட 7-ஐயும் வேலைவாய்ப்புக்குப் போட்ட 7-ஐயும் கூட்டினால் எந்த அலகில் 14?

வாடிக்கையாளரோடு நடக்கும் சந்திப்புக்கு வருவோம். ஆசிரியர்களில் ஒருவரோ வெளியாள் ஒருவரோ கட்டுமான நிறுவன அதிகாரியாக நடிப்பார். இடைக்கால அறிக்கையைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி. இந்த மிகுதித் தண்ணீர் பத்தியை மட்டும் கொஞ்சம் மென்மையாக்கிவிடலாமே" என்பார். குரலில் மிரட்டல் இருக்காது, காபி வாங்கிக் கொடுப்பார். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட இந்த இடத்தில் தலையாட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசுவது இதற்குத் தீர்வாகாது. அவருக்குப் பயன்படும் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்து, குறைவாக நீர் விடும் குழாய்களைப் பொருத்தினால் நல்ல தண்ணீரின் தேவையே குறையும், கழிவுநீரும் குறையும், டேங்கர் செலவும் குறையும். மிகுதி நீரைக் கட்டுமானக் கலவைக்கோ பக்கத்துத் தொழிற்பேட்டைக்கோ கொடுக்க முடியுமா என்று எழுத்தில் கேட்கலாம். பத்தி கடுமையாகவே இருக்கும், ஆனால் அடுத்த பத்தியில் வழி இருக்கும். நல்ல ஆலோசகர்கள் சம்பாதிப்பது இந்த அடுத்த பத்தியை எழுதித்தான்.

வெட்டி ஒட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய அறிக்கையொன்றை எடுத்துப் பெயர் மாற்றும் ஆசை தொழிலிலும் உண்டு, வகுப்பிலும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட அறிக்கையில், பறவைகளின் வாழிடமாக ஸ்புரூஸ் காடுகளும் பைன், பிர்ச் மரங்கள் கலந்த காடுகளும் குறிப்பிடப்பட்டிருந்தன. மாவும் முந்திரியும் விளையும் கொங்கண் கடற்கரையில்! ரஷ்யாவிலுள்ள பாக்சைட் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து வந்த வரிகள் அவை. நம் மாணவர் அறிக்கைகளில் பிர்ச் வருவதில்லை. ஆனால் சென்னைப் புறநகர் ஏரியின் தாவரப் பட்டியலில் நீலகிரிச் சோலை மரம் ஒன்று எட்டிப்பார்க்கும். அதைத் தடுக்கக் களக் குறிப்பேட்டை விடச் சிறந்த காவல் இல்லை: தேதி, நேரம், இடம், யார் பார்த்தார், புகைப்பட எண். பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லையென்றால் பெயரை நீக்கிவிட வேண்டும்.

விலைப்புள்ளியையும் கால அட்டவணையையும் மாணவர்களே போட வேண்டும். எல்லாக் குழுக்களும் களப்பணிக்கு அதிக நாளும் எழுதுவதற்குக் குறைந்த நாளும் ஒதுக்கும், கடைசி வாரம் தூங்காது. இதைச் சொல்லித் திருத்த முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

பருவத்தின் கடைசியில் போலிக் கருத்துக்கேட்புக் கூட்டம். உண்மையான கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். முழுவதும் வீடியோவில் பதிவாகும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் முன்கூட்டியே மக்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். வகுப்பில் மற்ற குழுக்களின் மாணவர்களே ஊர்மக்களாக உட்காருவார்கள். முடிந்தால் ஏரிக்கரை ஊரிலிருந்து நாலு பேரை அழைத்துவருவது இன்னும் நல்லது. அவர்கள் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "நீங்கள் மண் கொட்டித் தரையை மூன்றடி உயர்த்துகிறீர்கள். கலங்கல் வழியும்போது எங்கள் தெருவில் தண்ணீர் முன்பைவிட எத்தனை நாள் அதிகம் நிற்கும், ஐயா?" என்று கேட்பார்கள். பதில் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இருக்காது. நீரியல் எழுதிய மாணவர் நிலவியல் எழுதியவரைப் பார்ப்பார், இருவரும் ஒருங்கிணைப்பாளரைப் பார்ப்பார்கள். 'கணக்கிட்டுச் சொல்கிறோம்' என்று ஒருவர் எழுந்து சொல்லி, கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் அந்தக் குழுவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். 'பாதிப்பு எதுவும் இருக்காது' என்று மேடையிலிருந்து சொல்லும் குழுவுக்குப் போட மாட்டேன்.

உங்கள் கல்லூரியில் இப்படியொரு பாடம் இல்லையென்றாலும் தொடங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018-ல் தொடங்கிய பரிவேஷ் இணையதளத்தில் திட்டங்களின் விண்ணப்பங்களையும் நிபுணர் குழுக்களின் கூட்டக் குறிப்புகளையும் யாரும் தேடிப் படிக்கலாம். உங்கள் மாவட்டத்தில் ஓர் அடுக்குமாடித் திட்டத்தை எடுங்கள். நீர்க்கணக்கு அட்டவணையை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். மிகுதி நீருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, டேங்கர் லாரிகள் போக்குவரத்துக் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு அதே திட்டத்தின் கூட்டக் குறிப்பைத் திறந்து, குழு என்ன கேட்டது என்று பாருங்கள். நீங்கள் கண்ட ஓட்டையை அவர்களும் கேட்டிருந்தால், மறுமொழியாக ஆலோசகர் கொடுத்த விளக்கத்தைப் படியுங்கள். கேட்காமல் விட்டிருந்தால், நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுத் திட்டத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.